நான்கு அங்குலம்

1947 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒக்ஸ்ஃபோர்ட் நகரை ஒட்டிய கௌலி தொழிற்சாலையில், ஏறக்குறைய முடிந்துவிட்ட ஒரு காரை நீளவாட்டில் இரண்டாக அறுத்தார்கள். அறுக்கச் சொன்னவர் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவர் கண்ணுக்கு அது ஒடுங்கிப்போய்த் தெரிந்தது. அறுத்த பாதிகளைத் தொழிலாளர்கள் மெல்ல மெல்ல விலக்கி வைத்தார்கள். அளவு பொருந்திவிட்டது என்று அவருக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தி இடைவெளியை அளந்தார்கள். நான்கு அங்குலம்.

அதற்குள் பழைய அளவில் பம்பர்கள் செய்து குவிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் தகடு ஒன்றைச் செருகி இணைத்தார்கள். பொனற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தட்டைப் பட்டை ஓடியது. 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் என்ற பெயரில் அந்தக் கார் மக்கள் முன் வந்தது. பம்பரின் ஒட்டு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. பொனற்றின் பட்டை கடைசி மைனர் வரை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காரின் பின்னிருக்கையில் ஏறிக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்திருப்பார்கள். அது ஒரு வாள் போன தடம் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கும் அது தெரியவந்தது அதே பொனற்றை மரப்பலகையில் அறுக்கத் தொடங்கிய பிறகுதான். கணினித் திரையோடு வேலை செய்பவன் நான். சனி ஞாயிறுகளில் கராஜில் ஸ்குரோல் சோ என்ற சிறிய வாள் இயந்திரத்தின் முன் உட்காருவது கடந்த சில ஆண்டுப் பழக்கம். பழைய கார்களின் படங்களை மெல்லிய பலகையில் அறுத்தெடுப்பதுதான் அதில் எனக்குப் பிடித்த வேலை. இந்தக் கட்டுரை அந்த வாளைப் பற்றியும், அது அறுக்கும் மரத்தைப் பற்றியும், மரத்திலிருந்து பிறந்த கார்களைப் பற்றியும் ஆனது.

*

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து, அதன் சாம்பல் நிறங்களையெல்லாம் நீக்கி, கறுப்பு வெள்ளை என இரண்டே நிறங்களாக்க வேண்டும். அதைக் கடதாசியில் அச்சிட்டு, ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள பேர்ச் ஒட்டுப்பலகையின் மேல் ஒட்ட வேண்டும். கறுப்பாக இருக்கும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிறு துளை. அந்தத் துளைக்குள் வாளலகை நுழைத்து, இரு முனைகளையும் இயந்திரத்தின் கைகளில் பூட்டி, கோட்டைப் பின்பற்றி அறுத்தால் அந்தக் கறுப்புத் துண்டு கழன்று விழும். பிறகு அலகைக் கழற்றி அடுத்த துளை. ஒரு காரின் படத்தில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட துளைகள் வரும். எல்லாம் முடிந்ததும் பின்னால் ஒரு கறுப்புப் பலகையை வைத்தால், விழுந்த இடங்கள் நிழலாகவும் எஞ்சிய மரம் ஒளியாகவும் மாறிக் கார் தெரியும்.

அலகு ஐந்து அங்குல நீளம். அகலம் ஒரு மில்லிமீற்றர் வரும், வராது. சரியாக இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க விரலால் சுண்டுவோம். வீணைத் தந்தி போல ஒலிக்க வேண்டும். அலகு மேலும் கீழுமாக மட்டுமே அசையும். திரும்புவது பலகைதான்.

இந்த வேலையில் ஒரே ஒரு கடுமையான விதி உண்டு. எஞ்சி நிற்கும் மரம் முழுவதும் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும். சுற்றிலும் கறுப்பு சூழ்ந்த வெள்ளைப் பகுதி ஒன்று இருந்தால், அது தீவு. சுற்றியுள்ளதை அறுத்ததும் தீவும் சேர்ந்து விழுந்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கரையிலிருந்து ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும். புகைப்படத்தில் அந்தப் பாலம் இருந்திருக்காது. அதை எங்கே வைத்தால் கண்ணை உறுத்தாது என்று தேடுவதுதான் படம் தயாரிப்பவரின் பெரும்பாலான நேரத்தை எடுக்கும். மொறிஸ் மைனரில் இந்தச் சிக்கல் கொஞ்சம் எளிது. பொனற்றின் நடுவே ஓடும் அந்த நான்கு அங்குலப் பட்டை இருக்கிறதே, அதுவே முன்பக்கத்துக்கு முதுகெலும்பாகிவிடுகிறது. இடது விளக்கும் வலது விளக்கும் கிறில்லும் அதில்தான் வந்து தொங்குகின்றன.

*

இந்த வாளுக்கு நீண்ட வரலாறு உண்டு. வில் போல வளைந்த சட்டத்தில் மெல்லிய அலகைப் பூட்டி, வளைவுகளை அறுக்கும் முறையை ஐரோப்பாவின் தளபாடக் கைவினைஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டார்கள். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிரான்சின் ஆந்திரே ஷார்ல் பூல். 1642 இல் பிறந்தவர். 1672 இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆதரவில் லூவ்ர் அரண்மனையில் அவருக்குத் தங்குமிடம் கிடைத்தது. பூல் ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, மேலே வரைபடத்தை ஒட்டி, இரண்டையும் ஒரே நேரத்தில் அறுத்தார். பிறகு ஆமையோட்டில் விழுந்த இடத்தில் பித்தளைத் துண்டைப் பதித்தால் ஒரு அலுமாரி. பித்தளையில் விழுந்த இடத்தில் ஆமையோட்டுத் துண்டைப் பதித்தால் இன்னொரு அலுமாரி. முதலாவதன் நிழல் இரண்டாவதன் ஒளி. ஒன்றும் வீணாகவில்லை. லண்டனில் இருப்பவர்கள் வொலஸ் சேகரிப்பு அருங்காட்சியகத்தில் கட்டணமின்றி அவருடைய தளபாடங்களைப் பார்க்கலாம். இன்று நாங்கள் படத்தைப் பலகையில் ஒட்டி அறுக்கும் முறை அதன் எளிய வாரிசுதான்.

அடுத்த திருப்பம் லண்டனில். 1760 களில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர் ஐரோப்பாவின் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்து நாடுகளைப் படிக்க வேண்டும் என்பது நோக்கம். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பிள்ளைகளும் இப்படி அறுத்த வரைபடங்களில் புவியியல் படித்தார்கள். எங்கள் பிள்ளைகள் இன்று மழைநாளில் விரித்து வைத்து உட்காரும் புதிர்ப்படங்களின் தொடக்கம் இது. அதை ஜிக்சோ என்று அழைக்கும் வழக்கம் வெகுகாலம் கழித்து, காலால் மிதித்து ஓட்டும் வாள் இயந்திரங்களின் பெயரிலிருந்து வந்தது.

அந்த மிதி இயந்திரங்கள்தான் வாளை அரண்மனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவை. 1870 களில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பார்ன்ஸ் சகோதரர்களின் கம்பனி தையல் மெசின் போலக் காலால் ஓட்டும் வாள்களைச் செய்து விற்றது. இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் டெரம் என்ற சிற்றூரிலிருந்து இயங்கிய ஹொபீஸ் கம்பனி 1895 இல் ஒரு வார இதழைத் தொடங்கி, அறுப்பதற்கான மாதிரிப் படங்களை வீடுகளுக்கு அனுப்பியது. கடிகாரக் கூடு, சுவர்த் தட்டு, புகைப்படச் சட்டம் என்று பையன்கள் குசினி மேசையில் அறுத்தார்கள். அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் கம்பனி 1909 இல் தன் தொழிற்சாலையையே மரப்புதிர்களுக்கு ஒதுக்கியபோது, இயந்திரங்களின் முன் உட்கார்ந்து அறுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இதே காலத்தில் நீராவி வாள்கள் வீட்டுக் கூரைகளையும் மாற்றின. ஒன்ராறியோவின் பழைய செங்கல் வீடுகளில் முகட்டின் இரு சரிவுகளிலும் மரத்தால் பின்னிய லேஸ் போலப் பலகை தொங்குவதைக் கனடாவில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். ஜிஞ்சர்பிரெட் என்று செல்லப்பெயர். அது கையால் செதுக்கியதல்ல, வாளால் அறுத்தது. பிரித்தானியர் போன இடமெல்லாம் அந்த அலங்காரமும் போனது. இலங்கையின் பழைய புகையிரத நிலையங்களின் கூரை விளிம்பில் வரிசையாகத் தொங்கும் கூர்முனைப் பலகைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

*

இனி கார். மரத்தில் காரின் படத்தை அறுப்பது விசித்திரமான பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால் கார் தன் வாழ்க்கையின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் பெருமளவு மரமாகவே இருந்தது. குதிரைவண்டி செய்த தச்சர்களே முதல் கார்களின் உடல்களையும் செய்தார்கள். மரச்சட்டம் கட்டி, அதன் மேல் தகட்டை ஆணியால் அறைந்தார்கள். 1908 இல் வந்த ஃபோர்ட் மொடல் ரி யின் உடற்சட்டம் மரம். தரைப்பலகை மரம். சில்லுகளின் ஆரங்கள் ஹிக்கரி மரம். 1927 இல் நிறுத்தப்படும்போது அந்தக் கார் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டிருந்தது. அதற்கு எத்தனை காடு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஹென்றி ஃபோர்ட் அதை எண்ணிப் பார்த்தார். மிச்சிகன் மாநிலத்தின் வடக்குப் பகுதியில் மூன்று லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை வாங்கி, அயர்ன் மௌன்ரன் என்ற ஊரருகே பெரிய மரக்காலை ஒன்றை நிறுவினார். நிலம் வாங்க உதவியவர் ஃபோர்டின் உறவுக்காரப் பெண்ணை மணந்த எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்ட். மரத்தூளும் கழிவுத்துண்டுகளும் மலைபோலக் குவிந்தபோது, அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசையால் பிடித்துச் சிறு கட்டிகளாக்கினார்கள். இன்று வட அமெரிக்காவில் கோடைகாலத்து பார்பெக்கியூ அடுப்பில் போடும் கிங்ஸ்ஃபோர்ட் கரியின் பூர்வீகம் இதுதான். மொடல் ரி யின் சட்டத்தில் இடம்பெறாத மரம் அது. பூல் ஆமையோட்டில் செய்ததைப் போலவே ஃபோர்டும் விழுந்த துண்டுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்.

மரத்தை வென்றது உருக்கு. அதன் பின்னால் ஒரு வண்ணப்பூச்சுக் கதையும் இருக்கிறது. மரச்சட்டமுள்ள உடலைச் சூடான அடுப்பறையில் வைத்து உலர்த்த முடியாது. மரம் வெடிக்கும். அதனால் பூச்சு காய நாட்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1914 இல் ஃபிலடெல்ஃபியாவின் எட்வர்ட் பட் டொட்ஜ் சகோதரர்களுக்காக முழுக்க உருக்கிலான உடல்களைச் செய்யத் தொடங்கியபோது அந்தக் காத்திருப்பு குறைந்தது. அழுத்தும் அச்சு இருந்தால், தச்சனின் ஒரு நாள் வேலையை ஒரு இயந்திரம் சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் அந்த அச்சு மிக விலை உயர்ந்தது. லட்சக்கணக்கில் கார் விற்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட வண்டிகளில் மரம் இன்னும் சில காலம் பிழைத்திருந்தது.

அப்படிப் பிழைத்தவற்றில் ஒன்று மொறிஸ் மைனர் ட்ரவலர். 1953 இல் வந்தது. முன்பாதி வழக்கமான மைனர். பின்பாதி அஷ் மரச்சட்டத்தில் கட்டிய பெட்டி. பலரும் அந்த மரத்தை அலங்காரம் என்று நினைப்பார்கள். அலங்காரமல்ல. பின்பக்கக் கூரையும் கதவுகளும் அந்தச் சட்டத்தில்தான் நிற்கின்றன. அது உக்கிப்போனால் பிரித்தானியாவின் தகுதிச் சோதனையில் கார் தேறாது. அதனால் சொந்தக்காரர்கள் தவறாமல் வார்னிஷ் பூசுவார்கள். பூசாமல் விட்டால் கண்ணாடித் தடங்களில் பாசி முளைக்கும். 1971 வரை ட்ரவலர் செய்யப்பட்டது. இன்றும் அதற்குப் புதிய சட்டங்களை அறுத்துக் கொடுக்கும் தச்சுக்கூடங்கள் இங்கிலாந்தில் உள்ளன.

அஷ் எதற்காக? அது வளையும், அதிர்வைத் தாங்கும், சட்டென்று உடையாது. கோடரிப் பிடியும் கிரிக்கெட் ஸ்ரம்பும் அதில் செய்கிறார்கள். எங்கள் ஊர்களில் வண்டிக்கும் சில்லுக்கும் பூவரசைத் தேடியதற்கும் இதே காரணங்கள்தான்.

இப்போது அந்த மரமே அழிகிறது. 2002 இல் டெட்ரொயிட் நகரை ஒட்டி, கார்களின் தலைநகரிலேயே, ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு ஒன்று அஷ் மரங்களைக் கொல்வது கண்டுபிடிக்கப்பட்டது. கப்பலில் சரக்குக் கட்டி வந்த மரப்பெட்டிகளில் அது வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கோடிக்கணக்கான மரங்கள் செத்துவிட்டன. ரொறன்ரோவின் வீதியோர அஷ் மரங்களும் அதில் போயின. பிரித்தானியாவில் 2012 இல் ஒரு பூஞ்சை நோய் காட்டு மரங்களில் தெரியவந்தது. நாட்டின் அஷ் மரங்களில் 80 வீதம் வரை இழக்க நேரலாம் என்று வனப் பாதுகாவலர்கள் எச்சரிக்கிறார்கள். ட்ரவலருக்குப் புதுச்சட்டம் அறுப்பவர்களுக்கும், இன்றும் அஷ் சட்டத்தில் உடல் கட்டும் மோர்கன் கார்க் கம்பனிக்கும் இது வெறும் இயற்கைச் செய்தி அல்ல.

*

இசிகோனிஸின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. அவர் 1906 இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். தந்தை கிரேக்கர், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர், கப்பல் இயந்திரப் பட்டறை வைத்திருந்தவர். தாய் பவேரியாவைச் சேர்ந்தவர். 1922 இல் போரில் அந்த நகர் எரிந்தபோது பிரித்தானியக் கப்பல் அவர்களை மால்ட்டாவுக்கு ஏற்றிச் சென்றது. தந்தை அங்கேயே இறந்துபோனார். தாயும் மகனும் 1923 இல் இங்கிலாந்து வந்தார்கள். பட்டறையும் வீடும் பின்னால் விடப்பட்டவை. பையன் பட்டர்சி பொலிரெக்னிக்கில் படித்தான். கணிதத்தில் மூன்று முறை தேறவில்லை. ஆனால் படம் வரைந்தான்.

பிரித்தானியர் தங்கள் நாட்டின் அடையாளமாகக் கொண்டாடும் இரண்டு கார்களை, மைனரையும் பிறகு 1959 இல் மினியையும், வரைந்தவர் பதினைந்து வயதில் அகதியாகக் கப்பலேறியவர். கம்பனியின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு மைனரைப் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை போல இருக்கிறது என்றாராம். அந்த முட்டை 1960 இன் முடிவில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் காரானது. மொத்தம் 16 லட்சம் மைனர்கள் செய்யப்பட்டன.

அவற்றில் ஏராளமானவை பிரித்தானியாவுக்கு வெளியே போனதற்கும் காரணம் உண்டு. போருக்குப் பின் கடனில் மூழ்கியிருந்த அரசு, ஏற்றுமதி செய்கிற அளவைப் பார்த்தே கார்க் கம்பனிகளுக்கு உருக்கைப் பங்கிட்டது. உள்ளூர்க்காரர் காத்திருக்க, கார்கள் அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறின. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் அதையே பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் செய்தது. அதன் பெரிய உறவான மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் அங்கே அம்பாசடர் ஆகி, 2014 வரை செய்யப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 யும் ஏ-30 யும் வாடகைக் கார்களாக, டொக்டர்களின் கார்களாக, கலியாணக் கார்களாக ஓடின. மற்ற ஊர்களில் அவை பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை எங்கள் ஊரில் அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது. பெற்றோல் இல்லை. புதிய கார் இல்லை. உதிரிப்பாகம் இல்லை. ஆனால் அந்தப் பழைய இயந்திரங்கள் குறைந்த அழுத்தத்தில் எரிபவை. தரம் குறைந்த எரிபொருளையும் சகித்துக்கொள்பவை. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்கொடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். வீதியெங்கும் வெள்ளைப் புகையும் குப்பிவிளக்கு மணமும். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களையும் காயம்பட்டவர்களையும் அந்த மணத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 2002 இல் பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் இந்தக் கார்களைப் பார்த்துப் படமெடுத்தார்கள். அரும்பொருள் என்றார்கள். ஓட்டியவர்களுக்கு அவை அரும்பொருள் அல்ல. வேறு வழியில்லாததால் கழற்றிக் கழற்றிப் பூட்டிய வண்டிகள்.

*

சென்ற ஆண்டு ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்காக ஒரு மைனரை அறுத்தேன். 1960 களின் தொடக்கத்தில் எடுத்த புகைப்படம். பெரியப்பா வாடகைக்கு ஓட்டிய மைனர் 1000. அவர் கதவில் சாய்ந்து நிற்கிறார். கார் நேரே கமராவைப் பார்க்கிறது. பம்பருக்குக் கீழே பதிவிலக்கத் தகடு தெளிவாகத் தெரிகிறது. இலக்கங்களுக்கு நடுவே சிங்கள எழுத்தில் ஸ்ரீ.

இரண்டாம் தலைமுறை வாசகர்களுக்கு இந்த எழுத்தின் கதை தெரியாமலிருக்கலாம். அதற்கு முன் இலங்கை வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956 க்கு அடுத்த ஆண்டு, புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள ஸ்ரீ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் ஸ்ரீ எழுதிய தகடுகளோடு வண்டிகள் ஓடின. 1957 யூலையில் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆனால் 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. இங்கே அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் கடைப்பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் பிரதமர் கைவிட்டார். மே மாத இறுதியில் நாடு முழுவதும் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. ஒரு சாண் தகட்டில் ஓர் எழுத்து. அதன் பிறகும் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்கள் அந்தத் தகட்டோடுதான் வீதியில் இறங்க வேண்டியிருந்தது.

படத்தை அறுக்கும் கோணத்திலிருந்து பார்த்தாலும் அது வில்லங்கமான எழுத்து. வளைவுகள் சுருண்டு உள்ளே மூடிக்கொள்பவை. மூடிய ஒவ்வொரு வட்டமும் ஒரு தீவு. பாலம் விடாமல் அறுத்தால் எழுத்து ஓட்டையாகிவிடும். தமிழ் ஸ்ரீயும் அதே போலத்தான். வாளுக்கு இரண்டுமே ஒரே அளவு கஷ்டம்.

வரைபடத்தைப் பெரியம்மாவின் மகனுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, எல்லாம் நல்லா இருக்கு. அந்த எழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. அம்மாவின்ரை சுவரிலை தொங்கப்போற படம். வேணுமெண்டால் தமிழிலை போடுங்கோ."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தகட்டைக் கறுப்புக் கட்டமாக அறுத்துவிட்டால் எனக்கும் வேலை குறைவு. தமிழில் போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அது கலைப்படம்தானே என்று சொல்லலாம். ஆனால் தமிழ் ஸ்ரீயோடு ஓடிய கார்கள் உண்மையாகவே இருந்தன. அதை ஓட்டியவர்கள் வழக்கையும் அடியையும் சந்தித்தார்கள். பெரியப்பாவின் கார் அவற்றில் ஒன்றல்ல. அந்த மரியாதையை அவருடைய காருக்கு நான் எப்படிக் கடன் வாங்கிக் கொடுப்பது? எழுத்தே இல்லாமல் விட்டால், அந்தக் கார் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் ஓடியது என்பதும் சேர்ந்து விழுந்துவிடும். மென்பொருள் வேலையில் பழைய தரவுகளை மாற்றி எழுதுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்வோம். இங்கே பிரதி என்பது ஒரே ஒரு புகைப்படம். அதுவும் வெளிறிக்கொண்டிருந்தது.

முடிவெடுக்க வேண்டியவர் பெரியம்மா என்று தோன்றியது. எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர். வீடியோ அழைப்பில் இரண்டு வரைபடங்களையும் காட்டினேன். எழுத்தோடு ஒன்று, எழுத்தில்லாமல் ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எழுத்தைப் பற்றி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. இடதுபக்க மட்காட்டில் ஒரு நெளிவு இருக்க வேண்டுமே, அது எங்கே என்று கேட்டார். கொடிகாமச் சந்தையில் ஒரு மாட்டுவண்டி இடித்ததாம். அந்த நெளிவோடேயே கடைசிவரை ஓட்டினாராம். புகைப்படத்தில் அது நிழலோடு நிழலாகக் கிடந்தது. கறுப்பு வெள்ளையாக்கும்போது கணினி அதை அழித்திருந்தது.

பிறகு எழுத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதை ஏன் எடுக்கோணும்?" என்றார். "அந்த நம்பரோடைதானே அவர் ஓடினவர். அதோடைதானே எங்கள் எல்லாருக்கும் சாப்பாடு போட்டவர்." கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளையளுக்கு அது என்னெண்டு சொல்லிக்குடு. அது போதும்" என்றார்.

நெளிவைக் கையால் வரைந்து சேர்த்தேன். எழுத்தின் வட்டங்களுக்கு மூன்று பாலங்கள் விட்டேன். மூன்றும் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். தகட்டை அறுக்க மட்டும் ஒரு மாலை முழுவதும் போனது. சுற்றுச்சட்டத்துக்கு அஷ் பலகை வாங்கினேன். நோய் கண்டு வெட்டப்பட்ட மரத்திலிருந்து வந்தது என்று மரக்காலைக்காரர் சொன்னார். மரத்தின் உள்ளே நோய் தெரியவில்லை. நேரான, வெளிறிய ரேகைகள்.

படம் இப்போது ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையில் தொங்குகிறது. பேரப்பிள்ளைகள் அந்த எழுத்து என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பெரியம்மா முதலில் நெளிவைப் பற்றித்தான் சொன்னாராம். மாட்டுவண்டிக் கதையில் சிரித்து முடித்த பிறகு எழுத்துக்கு வந்திருக்கிறார்.